கீமோவும் மரத்துப்பட்டையில இருந்து வந்ததுதான், மூலிகை டப்பா வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

மார்பகப் புற்றுநோய்க்கு இன்னைக்கு உலகம் பூரா போடுற கீமோ மருந்துகள்ல முக்கியமான ஒண்ணு பேக்லிடாக்சல். அது ஒரு மரத்தோட பட்டையில கண்டுபிடிச்சது. இத நான் சொன்னா எங்க சொந்தத்துல பாதிப்பேர் நம்ப மாட்டேங்குறாங்க, கீமோன்னா கெமிக்கல்தான, இங்கிலீஷ் மருந்துதான, அது எப்படி மரத்துல இருந்து வரும்னு கேக்குறாங்க. எங்க சித்திக்கு மார்புல இருக்கிற கட்டி புற்றுதான்னு பயாப்சில தெரிஞ்சதுல இருந்து வீட்டுக்குப் பாக்க வந்தவங்க முக்கால்வாசிப் பேர் கையில ஒரு பொடி பாக்கெட்டோ ஒரு கேப்ஸ்யூல் டப்பாவோ இல்லன்னா போன்ல ஒரு வீடியோவோ இருந்துச்சு. எல்லாம் அன்புலதான் கொண்டு வந்தாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நான் பி.ஃபார்ம் முடிச்சுட்டு மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கிறவங்கிறதால ஒவ்வொரு டப்பாவா என் கைக்கு வரும், "ஏட்டி, இதக் குடிக்கலாமா"ன்னு சித்தி கேப்பாங்க, நான் பின்னாடி இருக்கிற சின்ன எழுத்தப் படிச்சுப் பாத்து பதில் சொல்லணும். அப்படி படிச்சதையும் தேடித் தெரிஞ்சுக்கிட்டதையும்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதே கேள்வியோட தினமும் யாராவது கடைக்கு வர்றாங்க.

முதல்ல அந்த மரத்துக் கதை. அமெரிக்காவுல தேசிய புற்றுநோய் நிறுவனம் 1960ல ஒரு வேலைய ஆரம்பிச்சாங்க, கிடைக்கிற செடி கொடி மரம் எல்லாத்தையும் சேகரிச்சு அதோட சாறுல புற்று செல்லக் கொல்ற சக்தி எதுவும் இருக்கான்னு ஒண்ணொண்ணா சோதிச்சுப் பாக்குறது. 1962ல ஆர்தர் பார்க்லேன்னு ஒரு தாவரவியல் ஆளு வாஷிங்டன் மாநிலத்துக் காட்டுல இருந்து பசிபிக் யூங்கிற மரத்தோட பட்டைய எடுத்துட்டு வந்தாரு. அங்க மரம் வெட்டுறவங்களுக்கு அது ஒண்ணுத்துக்கும் உதவாத மரம், மத்த மரத்த லாரில ஏத்திட்டு இத மிச்சம் மீதியோட குமிச்சுப் போட்டு எரிச்சுருவாங்க. அந்தப் பட்டையில இருந்து மருந்த தனியா பிரிச்சு அதோட அமைப்பு இதுதான்னு 1971ல சொன்னவங்க மன்ரோ வால், மன்சுக் வானி ரெண்டு பேரும். வானி நம்ம நாட்டுக்காரர், மகாராஷ்டிராவுல நந்துர்பார்ல பிறந்து பம்பாய்ல படிச்சவரு. இந்தப் பேர நம்ம ஸ்கூல் புத்தகத்துல எங்கயும் நான் பாத்ததில்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

கண்டுபிடிச்ச உடனே மருந்தாயிடல. தண்ணில கரையாது, ஒரு பெரிய மரத்தோட மொத்தப் பட்டையையும் உரிச்சாலும் கிட்டத்தட்ட ஒரு டோஸ்தான் தேறும், பட்டைய உரிச்சா மரம் செத்துரும், அதனால யாருக்கும் பெருசா ஆர்வம் இல்ல. 1979ல நியூயார்க்ல சூசன் ஹார்விட்ஸ்ங்கிறவங்க இது செல்லுக்குள்ள போய் என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிச்சப்பதான் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒரு செல் ரெண்டா பிரியறப்போ உள்ள மெல்லிசா குழாய் குழாயா ஒரு அமைப்பு உருவாகும், கட்டடத்துக்கு சாரம் கட்டுற மாதிரி, வேலை முடிஞ்சதும் அது பிரிஞ்சுரணும். பேக்லிடாக்சல் அந்த சாரத்தப் பிரிக்க விடாது, அப்படியே இறுக்கிப் பிடிச்சுக்கும், செல் பாதில மாட்டிக்கிட்டு செத்துப்போகும். புற்று செல்லு அடிக்கடி பிரியறதால அதுக்கு அடி பலமா விழும், ஆனா முடி வேர், வாய்ப்புண் வர்ற இடம், ரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜை இதெல்லாமும் வேகமா பிரியற செல்லுங்கதான், அதனாலதான் முடி கொட்டுது, ரத்த வெள்ளணு குறையுது. அமெரிக்காவுல 1992ல சினைப்பை புற்றுக்கும் 1994ல மார்பகப் புற்றுக்கும் அனுமதி கிடைச்சுது. காட்டுல இருந்து எடுத்ததுக்கும் நோயாளிக்குப் போனதுக்கும் நடுவுல முப்பது வருஷம்.

இந்த முப்பது வருஷத்தத்தான் டப்பா விக்கிறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க.

மரம் அழியற பிரச்சினைக்கு வழி இலையில கிடைச்சுது. பிரான்ஸ்ல பியர் பொட்டியேவோட குழு, ஐரோப்பாவுல சாதாரணமா வளர்ற யூ மரத்தோட இலையில இந்த மருந்துக்கு முந்தின நிலையில இருக்கிற ஒரு பொருள் நிறைய இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, இலையக் கத்தரிச்சா மரம் திரும்பத் துளிர்க்கும், அதுல இருந்து லேப்ல மீதி வேலைய முடிச்சுக்கலாம். பேக்லிடாக்சலுக்கு அந்த லேப் வேலைய அமெரிக்காவுல ராபர்ட் ஹோல்டன் சரி பண்ணிக் குடுத்தாரு. டோசிடாக்சல்னு இன்னொரு ஊசி, அதுவும் மார்பகப் புற்றுக்கு நிறைய போடுறது, அது பொட்டியே குழுவுல இருந்து வந்தது. நம்ம இமயமலையிலயும் யூ மரம் உண்டு, மருந்துக்காக வெட்டி வெட்டி அது அழியற நிலைக்கு வந்து 1995ல இருந்து உலக வர்த்தகத்துல கட்டுப்பாடு போட்டிருக்காங்க.

இப்ப டே கேர் வார்டுல நான் பக்கத்துல இருந்து பாத்தது. மத்த மருந்தெல்லாம் சாதாரண ட்ரிப்ஸ் செட்டுல போகும், பேக்லிடாக்சலுக்கு மட்டும் தனி ட்யூப், நடுவுல பொடிசா ஒரு ஃபில்டர் வச்சது. ஏன்னு சித்தி கேட்டாங்க. இந்த மருந்து தண்ணில கரையாதுன்னு சொன்னேன்ல, அதக் கரைக்க கிரெமோஃபோர்னு ஒரு எண்ணெய்ப் பொருள் சேக்குறாங்க, அது விளக்கெண்ணெய்ல இருந்து செய்றது, ஆமா நம்ம ஆமணக்குதான். அந்த எண்ணெய் சாதாரண பிவிசி ட்யூப்ல போனா ட்யூப்ல இருக்கிற பிளாஸ்டிக் சாமானையும் கரைச்சு உடம்புக்குள்ள கொண்டு போயிரும், அதுக்குத்தான் வேற ட்யூப். அலர்ஜி வர்றதுக்கும் பெரும்பாலும் அந்த எண்ணெய்தான் காரணம், அதனாலதான் முன்னாடியே அலர்ஜிய அடக்குற டெக்ஸா, ஏவில் ஊசியெல்லாம் போட்டுட்டு, மருந்து இறங்க ஆரம்பிச்ச முதல் கொஞ்ச நேரம் நர்ஸ் பக்கத்துலயே நின்னு "அம்மா நெஞ்சு அடைச்சாலோ முதுகு வலிச்சாலோ முகம் சூடாச்சுன்னாலோ உடனே சொல்லிருங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஒரு மரமும் ஒரு ஆமணக்கும் சேர்ந்தது, ரெண்டுமே செடிதான், ஆனாலும் இவ்வளவு காவல் போட்டுத்தான் ஏத்துறாங்க. செடியில இருந்து வந்தா சைடு எஃபெக்ட் இல்லன்னு யாராச்சும் சொன்னா எனக்கு அந்த ட்யூப்தான் கண்ணு முன்னாடி வரும். போட வேண்டிய ஊசில பாதி தாண்டினதும் சித்திக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு, ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியல, பூ கட்ட உக்காந்தா நார் விரல்ல நிக்கல, டாக்டர்கிட்ட சொன்னதும் டோஸக் குறைச்சாங்க. நரம்பு செல்லுக்குள்ளயும் அதே சாரம் இருக்கு, அதையும் இந்த மருந்து பிடிச்சுக்குது, அதனாலதான். இத வாயத் தொறந்து சொல்லணும், நிறைய பேர் சொல்லாம பொறுத்துக்கிட்டு கடைசில நடக்கவே சிரமப்படுறாங்க.

அடுத்தது எங்க ஊர்ச் செடி. நித்தியகல்யாணி. தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரில இத பயிரா போட்டு இலையும் வேரும் காய வச்சு ஏத்துமதிக்குக் குடுக்குறாங்க, சித்தியோட ஊருக்குப் போற வழியில ரோட்டோரம் காய்ஞ்சு கெடக்கும். சுடுகாட்டுப் பூன்னு சொல்லி வீட்டுல வைக்காத ஆளுங்களும் உண்டு, சுகருக்கு நல்லதுன்னு காலையில பூவ மென்னு தின்னுற ஆளுங்களும் உண்டு. இந்த சுகர் நம்பிக்கை ஜமைக்காவுலயும் இருந்துச்சு. அங்க இருந்து 1952ல ஒரு டாக்டர் கொஞ்சம் இலைய கனடாவுக்கு அனுப்பி, அது ராபர்ட் நோபிள்ங்கிற ஆராய்ச்சியாளர் கையில போய்ச் சேர்ந்துச்சு. எலிக்கு வாய் வழியா குடுத்தாரு, சுகர் ஒண்ணும் குறையல. ஊசியா போட்டுப் பாத்தாரு, எலியெல்லாம் தொற்று வந்து செத்துப்போச்சு, என்னன்னு பாத்தா வெள்ளணு அடியோட குறைஞ்சிருக்கு. சுகருக்கு ஆகலன்னு தூக்கிப் போடாம, வெள்ளணுவக் குறைக்குதுன்னா ரத்தப் புற்றுக்கு உதவுமேன்னு யோசிச்சாங்க பாருங்க, அங்கதான் வின்பிளாஸ்டின் வந்துச்சு, 1958ல நோபிளும் சார்லஸ் பீரும் அத வெளியிட்டாங்க. இது பேக்லிடாக்சலுக்கு நேரெதிரா வேலை செய்யுது, அது சாரத்தப் பிரிக்க விடாது, இது சாரத்தக் கட்டவே விடாது. இதே குடும்பத்துல வினோரெல்பின்னு ஒண்ணு, பொட்டியே குழுவே கண்டுபிடிச்சது, மார்பகப் புற்று பரவின நிலையில இருக்கிறவங்களுக்கு இப்பவும் போடுறாங்க.

இத ஒருத்தர் எங்கயோ படிச்சுட்டு வந்து, "மருந்தே இந்தச் செடில இருந்துதான் எடுக்குறான், நாம வீட்டுலயே அரைச்சுக் குடிச்சுரலாமே"ன்னு சித்தப்பாகிட்ட சொல்லிட்டுப் போனாரு. எனக்கு பகீர்னு ஆயிருச்சு. ஒரு கிராம் மருந்து எடுக்க நூத்துக்கணக்கான கிலோ காய்ஞ்ச இலை வேணும், அப்ப ஒரு கைப்பிடி இலையில நோயக் குணமாக்குற அளவு இருக்காது, ஆனா அதே இலையில ஆல்கலாய்டுன்னு சொல்ற வீரியமான செடிப் பொருள் வேற வேற எத்தனையோ இருக்கு, வாந்தி எடுக்க வைக்கவும் பிரஷர எறக்கவும் அது போதும். கீமோல ஏற்கெனவே வெள்ளணு கம்மியா இருக்கிற ஆளுக்கு இதக் குடுக்குறது எவ்வளவு ஆபத்துன்னு நெனச்சுப் பாருங்க. தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க.

செடி விஷம் எவ்வளவு கடுமையா இருக்கும்ங்கிறதுக்கு இன்னொரு உதாரணம், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. எத்தியோப்பியாவுல ஒரு புதர்ச் செடில இருந்து மேடான்சின்னு ஒண்ண 1972ல பிரிச்சாங்க. புற்று செல்லு மேல பயங்கரமா வேலை செஞ்சுது, ஆனா மனுசங்களுக்குக் குடுத்துப் பாத்தா தாங்கல, கைவிட்டுட்டாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு அந்த வகை விஷத்த ஹெர் டூங்கிற புரதத்தத் தேடிப்போய் ஒட்டிக்கிற ஒரு ஆன்டிபாடியோட கோர்த்துவிட்டாங்க, ஆன்டிபாடி ஹெர் டூ பாசிட்டிவ் புற்று செல்லுல போய் ஒட்டும், உள்ள போனதும் விஷம் அவுந்துக்கும். 2013ல அது மருந்தா வந்துருச்சு, டிடிஎம் ஒன்னுன்னு ரிப்போர்ட்ல எழுதுவாங்க. அதே வழியில, பேக்லிடாக்சல் கண்டுபிடிச்ச அதே வாலும் வானியும் 1966ல ஒரு சீன மரத்துல இருந்து பிரிச்ச கேம்ப்டோதெசின், அதோட வழித்தோன்றல்கள ஆன்டிபாடியோட சேத்து 2019லயும் 2020லயும் ரெண்டு புது மருந்து மார்பகப் புற்றுக்கு வந்திருக்கு, அதுல ஒண்ணு ட்ரிபிள் நெகட்டிவ் வகைக்கு, அதாவது ஹெர் டூவும் ரெண்டு ஹார்மோன் ஏற்பியும் இல்லாத புற்றுக்கு. ட்ரிபிள் நெகட்டிவ்னா வழி ரொம்பக் கம்மின்னு சொல்லிக்கிட்டு இருந்த எடத்துல இது எவ்வளவு பெரிய விஷயம். கேம்ப்டோதெசின் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற ஒரு மரத்துலயும் கிடைக்குது, அதுக்காகவே அந்த மரத்தையும் வெட்டித் தீத்துக்கிட்டு இருக்காங்க. விலைதான் இந்தப் புது மருந்துகள்ல நெஞ்ச அடைக்குது, நம்ம மாதிரிக் குடும்பங்களுக்கு எட்டுற விலையில்ல, அதப்பத்தி தனியாவே எழுதணும்.

சரி, மஞ்சள். கடையில அதிகமா கேக்குற கேள்வி இதுதான். மஞ்சள்ல இருக்கிற குர்க்குமின் லேப்ல தட்டுல வளர்த்த புற்று செல்ல கொல்லுதுன்னு சொல்ற ஆராய்ச்சி ஏகப்பட்டது உண்டு, அது பொய்யில்ல. ஆனா மஞ்சள்தூள்ல குர்க்குமின் நூத்துக்கு மூணு பங்கு அளவுலதான் இருக்கு, சாப்பிட்டா ரத்தத்துல ஏறவே மாட்டேங்குது, ஈரல் உடனே மாத்தி வெளிய தள்ளிருது. 1998ல பெங்களூருல ஒரு ஆய்வுல 2 கிராம் குர்க்குமினோட மிளகுல இருக்கிற பைபெரின 20 மில்லிகிராம் சேத்துக் குடுத்தப்போ ரத்தத்துல ஏறுற அளவு 20 மடங்கு கூடுச்சு. அதுல இருந்துதான் எல்லா கேப்ஸ்யூல்லயும் மிளகுச் சத்தையும் சேத்து விக்கிறாங்க. இதுல ஒளிஞ்சிருக்கிற ஆபத்து என்னன்னா, பைபெரின் ஈரலோட வேலையத் தடுத்துத்தான் குர்க்குமின உள்ள விடுது, அதே ஈரல்தான் கீமோ மருந்தையும் கையாளுது. பேக்லிடாக்சல உடைக்கிற நொதிகள்ல ஒண்ணையும் பைபெரின் தடுக்கக்கூடியது. நெதர்லாந்துல 2019ல வந்த ஒரு சின்ன ஆய்வுல டமாக்சிஃபென்ங்கிற மார்பகப் புற்று ஹார்மோன் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு குர்க்குமின் குடுத்தப்போ அந்த மாத்திரை உடம்புக்குள்ள மாறி உண்மையா வேலை செய்ற எண்டாக்சிஃபெனோட அளவு குறைஞ்சுது, பைபெரின் சேத்தப்போ இன்னும் குறைஞ்சுது. அமெரிக்காவுல 2002ல எலிங்கள வச்சு பண்ணினதுல, சாப்பாட்டுல குர்க்குமின் சேத்தா சைக்ளோபாஸ்ஃபமைடுங்கிற கீமோ மருந்து கட்டியக் குறைக்கிற வேகம் மட்டுப்பட்டுச்சு, சித்திக்கு முதல்ல போட்டதே அந்த மருந்துதான். மஞ்சள் மாத்திரை சாப்பிட்டு ஈரல் வீங்கினவங்க இத்தாலியிலயும் அமெரிக்காவுலயும் பதிவாகியிருக்காங்க.

நல்ல பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். ஆர்மீனியாவுல 150 பேருக்கு பேக்லிடாக்சலோட குர்க்குமின நரம்பு வழியா ஏத்திப் பாத்து 2020ல வெளியிட்டாங்க, கட்டி சுருங்கினவங்க குர்க்குமின் பக்கம் அதிகமா இருந்தாங்க. ஆனா அது ட்ரிப்ஸ்ல அளந்து ஏத்தினது, நோய் திரும்ப வளராம இருந்த காலத்துல பெருசா வித்தியாசம் இல்ல. இன்னும் பெரிய ஆய்வு நடக்கட்டும், நடந்து மருந்தா வந்தா ஈரோட்டுக்காரங்க மாதிரியே நானும் சந்தோஷப்படுவேன். அதுவரைக்கும் ரசத்துலயும் குழம்புலயும் போடுற மஞ்சளும் மிளகும் தாராளமா சாப்பிடலாம், கேப்ஸ்யூல் வேண்டாம். இத சித்திக்கு சொன்னப்போ அவங்களுக்கு பெரிய நிம்மதி, ரசத்தையும் நிறுத்தச் சொல்லிருவாங்களோன்னு பயந்துக்கிட்டு இருந்திருக்காங்க.

முள்ளு சீத்தா. "கீமோவ விட பத்தாயிரம் மடங்கு சக்தி"ன்னு ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் சுத்துது. அந்தப் பத்தாயிரத்துக்கு ஒரு மூலம் இருக்கு, 1996ல ஒரு லேப் ஆய்வு, அந்தச் செடியோட விதையில இருந்து பிரிச்ச ஒரு பொருளு, தட்டுல வளர்த்த பெருங்குடல் புற்று செல்லு மேல அட்ரியாமைசின்ங்கிற கீமோ மருந்த விட அத்தனை மடங்கு வீரியமா இருந்துச்சு. விதை, பழம் இல்ல. பெருங்குடல், மார்பு இல்ல. தட்டு, மனுசங்க இல்ல. அதே நேரம் கரீபியன்ல குவாதலூப் தீவுல இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமா எடுத்துக்கிட்டவங்களுக்கு பார்க்கின்சன் மாதிரி ஒரு நரம்பு நோய் அதிகமா இருக்குன்னு 1999ல எழுதினாங்க. பேக்லிடாக்சலால ஏற்கெனவே நரம்பு அடிபட்டிருக்கிறவங்களுக்கு இந்த இலைக் கஷாயத்தக் குடுக்க எப்படித்தான் மனசு வருதோ. எங்க வீட்டுக்கு வந்த ஒரு விக்கிறவரு, மாசத்துக்கு ஒரு சம்பளம் அளவுக்கு விலை சொல்லி, கீமோவ நிறுத்திட்டு இத மட்டும் எடுங்கன்னு சித்தப்பாகிட்ட பேசினாரு. கஷ்டத்துல இருக்கிற குடும்பத்தப் பாத்து இப்படி பேசுறதுக்கு எனக்கு இன்னும் கோபம் அடங்கல. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல 2018ல பாத்தாங்க, குணமாக்கக்கூடிய நிலையில இருந்தும் சிகிச்சைய விட்டுட்டு மாற்று வழிக்கு மட்டும் போனவங்கள்ல, மார்பகப் புற்றுக்காரங்களுக்கு சாவு அபாயம் அஞ்சு மடங்குக்கு மேல இருந்துச்சு.

வராம தடுக்க எதுவும் செடில இருக்கான்னு என் வயசுப் பொண்ணுங்க கேக்குறாங்க, எங்க குடும்பத்துல சித்திக்கு வந்ததால எனக்கும் அந்தப் பயம் உண்டு. காய், பழம், கீரை, பயறு நிறைய சாப்பிடுறது நல்லது, அதுல இருக்கிற ஒண்ண மட்டும் பிரிச்சு மாத்திரையாக்கினா அதே பலன் வரும்னு நெனைக்கிறதுதான் சிக்கல். பின்லாந்துல புகை பிடிக்கிற ஆம்பளைங்களுக்கு கேரட்ல இருக்கிற பீட்டா கரோட்டின மாத்திரையா குடுத்தாங்க, நுரையீரல் புற்று குறையும்னு எதிர்பாத்தாங்க, 1994ல முடிவு வந்தப்போ 18 சதவீதம் கூடியிருந்துச்சு. சோயா பத்தி பயம் எதிர்ப்பக்கம், அதுல ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஒண்ணு இருக்கு, மீல் மேக்கர் சாப்பிட்டா திரும்ப வந்துரும்னு. ஷாங்காய்ல மார்பகப் புற்று வந்து சிகிச்சை எடுத்த 5042 பெண்கள தொடர்ந்து பாத்து 2009ல எழுதினாங்க, சோயா உணவு அதிகமா சாப்பிட்டவங்களுக்கு நோய் திரும்பறதும் சாவும் குறைவாதான் இருந்துச்சு. அதனால மீல் மேக்கர் குழம்பு வைக்கலாம், சோயா சத்து மாத்திரைய மட்டும் தள்ளி வைங்க. மத்தபடி உண்மையிலயே அபாயத்தக் குறைக்கும்னு உறுதியா தெரிஞ்சது எதுவும் டப்பாவுல வர்றதில்ல. தாய்ப்பால் குடுக்குறது, மொத்தமா ஒவ்வொரு 12 மாசத்துக்கும் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல அபாயம் குறையுதுன்னு 30 நாட்டு ஆய்வுகளச் சேத்து 2002ல கணக்குப் போட்டிருக்காங்க. மாதவிடாய் நின்ன பிறகு எடை ஏறாம பாத்துக்கிறது, நடக்குறது, மது இல்லாம இருக்கிறது. கட்டி கையில தட்டுப்பட்டா வெக்கப்படாம அந்த வாரமே காட்டுறது.

இப்ப ஏற்கெனவே ஏதாவது எடுத்துக்கிட்டு இருக்கீங்கன்னா, டாக்டர்கிட்ட திட்டு விழும்னு மறைக்காதீங்க. பொடியோ லேகியமோ கஷாயமோ, சித்த வைத்தியர் குடுத்ததோ ஆன்லைன்ல வாங்கினதோ, பாக்கெட்டையே கையில எடுத்துட்டுப் போங்க, பேர மட்டும் சொன்னா யாருக்கும் புரியாது, பின்னாடி எழுதியிருக்கிறதுதான் வேணும். எழுத்தே இல்லாத பொட்டலம்னா அதயும் காட்டுங்க. பல்போசிக்லிப், ரைபோசிக்லிப் மாதிரி மார்பகப் புற்று மாத்திரை சாப்பிடுறவங்க பம்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் ரெண்டையும் தவிர்க்கணும், இது மாத்திரை குடுக்குறப்பவே சொல்லியிருக்கணும், சொல்லலன்னா நீங்க கேளுங்க. அடுத்த கீமோவுக்கு ரத்தம் எடுக்குறப்போ ஈரல் டெஸ்ட்டும் சேத்து எடுத்திருக்காங்களான்னு ரிப்போர்ட்ல பாருங்க, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் திடீர்னு ஏறியிருந்தா அந்த மாசம் வீட்டுல புதுசா ஆரம்பிச்ச பொடி என்னன்னு டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க.